சிம்பொனிக்குக் கதைத்தாள் வேண்டுமா?

12 மார்ச் 2025, காப்பாரிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறிய செய்தியைப் படித்த பிறகு, இக்காலத்து இசைக்குழுப் படைப்புகள் சிலவற்றைத் தேடிக் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் கூடவே வருகிறது. இது கடலைப் பற்றியது, இது போரைப் பற்றியது, இது இறந்துபோனவருக்காக எழுதியது என்கிறது. தாளைப் படித்தால் கண் கலங்குகிறது. அதை மறைத்துவிட்டுக் கேட்டால் ஒன்றும் விளங்கவில்லை. அப்படியானால் நம்மை உருக்குவது இசையா, தாளா? இசையால் முடியாததைக் கதை செய்து கொடுக்கிறது என்பதே என் முடிவு. மறுப்பவர்கள் எழுதலாம்.

12 மார்ச், இரவு

மறுக்கிறேன். தாள் எதுவும் இல்லாமல் கேட்டவன் நான்.

சுங்கை சிப்புட்டிற்கு வெளியே ஒரு செம்பனை ஆலையில் பாய்லர் பக்கம் வேலை செய்கிறேன். ஓர் இரவு வேலையின்போது காதில் ஏதோ இசை ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று முடிந்தால் அடுத்தது தானாகத் தொடங்கிவிடும். திடீரென்று கூட்டமாக ஓர் அலறல். ஸ்டெரிலைசரில் ஆவியைத் திறந்துவிட்டார்கள் என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டேன். செம்பனைக் குலைகளை ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில் வேகவைத்த பிறகு ஆவியை வெளியே விடும்போது எழும் சத்தம் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். மேலே கூர்மையாக ஒன்று கீறும், அதன் அடியில் அகலமாக ஓர் இரைச்சல் பரவும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து முனகலாக அடங்கும். காதில் கேட்டது அதுவேதான். ஆனால் யாரும் ஆவியைத் திறக்கவில்லை. போலந்துக்காரர் கிறிஸ்டோஃப் பெண்டரெட்ஸ்கி 52 வயலின்களுக்கு எழுதிய படைப்பு அது.

ஹிரோஷிமாவில் மடிந்தவர்களுக்கான இரங்கல் என்பது அதன் பெயர். அந்தப் பெயர் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எழுதியவருக்கும் அப்படியே! 1960-இல் எழுதி முடித்தபோது அவர் வைத்த பெயர் 8 நிமிடம் 37 விநாடி. வெறும் கால அளவு. இசைக்குழு வாசித்துக் கேட்ட பிறகே, இவ்வளவு வலியைச் சுமக்கிற ஒன்றுக்கு அந்த மக்களின் பெயரைச் சூட்டினார். இங்கே இசை முந்தியது, தாள் பிந்தியது. என்னை நாற்காலியிலிருந்து எழுப்பிய நேரத்தில் தாள் எங்கேயும் இல்லை.

13 மார்ச்

52 வயலின்கள் என்று எழுதியது தவறு. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. 52 தந்தி வாத்தியங்கள்: 24 வயலின், 10 வயோலா, 10 செல்லோ, 8 டபுள் பேஸ். அந்த முனகல் வயலின்களால் வந்திருக்க முடியாது என்று எனக்கே தோன்றியிருக்க வேண்டும்.

13 மார்ச், மீண்டும்

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். பெயர் தெரிந்த பிறகு அதை மறுபடி கேட்டேன். ஆவிச் சத்தம் போய்விட்டது. இன்றுவரை திரும்பவில்லை. ஆலையில் உண்மையான ஆவியைத் திறக்கும்போதுதான் இப்போது ஹிரோஷிமா நினைவுக்கு வருகிறது. தாள் இசையை மாற்றுகிறது, மறுக்க முடியாது. ஒருமுறை படித்ததைப் படிக்காதவனாகிக் கேட்க வழியில்லை. இதைக் காப்பார் நண்பருக்கான பாதி வெற்றியாக எடுத்துக்கொள்ளலாம்.

19 மார்ச்

பறவைகளைப் பற்றி எழுத வேண்டும் என்று மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஃபின்லாந்தின் எய்னோயுஹானி ரௌதவாரா 1972-இல் பறவைகளுக்கும் இசைக்குழுவுக்குமாக ஒரு கச்சேரி எழுதினார். ஒரு பல்கலைக்கழகம் அவரிடம் கேட்டு எழுதி வாங்கியது. பேருக்குப் பறவை இல்லை. வட துருவ வட்டத்தை ஒட்டிய சதுப்பு நிலங்களில் ஒலிநாடாவில் பதிந்த உண்மையான பறவைக் குரல்கள் இசைக்குழுவின் நடுவே ஒலிக்கின்றன. முதலில் இரண்டு புல்லாங்குழல்கள், அப்புறம் பறவைகள். யார் யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்று பிரித்தறிய முடியாதபடி இரண்டும் பின்னிக்கொள்ளும். இரண்டாம் பகுதியில் ஒரு சின்ன வானம்பாடியின் குரலை இரண்டு ஸ்தாயி இறக்கி வைத்திருக்கிறார். பறவையாகவும் இருக்கிறது, இல்லாமலும் இருக்கிறது. கடைசிப் பகுதி அன்னங்கள் வலசை போவது. கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து, பெருகி, பிறகு தூரத்தில் கரைகிறது.

இதற்கு எந்தத் தாளும் வேண்டாம். பத்து வயது வரை நான் ரப்பர்த் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், வளர்ந்தவன். விடியற்காலை இருட்டில், வேலையாட்களைக் கூட்டிக் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு மணி அடிக்கும். அம்மா தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போய்விடுவார். நான் வாசற்படியில் உட்கார்ந்திருப்பேன். முதலில் குயில் ஒன்று கூவும். பிறகு செம்போத்து, அடித்தொண்டையில். வெளிச்சம் வரும் நேரத்தில் மைனாக்கள் எல்லாம் ஒரே சமயத்தில் சண்டை போடத் தொடங்கும். வெயில் ஏறிய பிறகு, காய் முற்றும் பருவமாக இருந்தால், ரப்பர்க் காய் வெடித்து விதை தகரக் கூரையில் விழும் சத்தம். அந்த ஃபின்லாந்துக்காரரின் சதுப்பு நிலத்தை நான் பார்த்ததில்லை, பார்க்கப்போவதும் இல்லை. ஆனால் விடியலில் தனியாக உட்கார்ந்திருக்கிற ஒருவனின் காது அந்த இசைக்குள் இருக்கிறது. அது எனக்குப் பழக்கமான காது.

24 மார்ச்

தைப்பிங்கிலிருந்து ஒருவர் கொஞ்சம் கோபமாகவே கேட்டிருக்கிறார்: நாதஸ்வரமும் தவிலும் இருக்க, உறுமி மேளத்துக்கு நம் பிள்ளைகள் உயிரைக் கொடுக்க, இந்த வெள்ளைக்காரச் சத்தம் நமக்கு எதற்கு?

அந்தச் சத்தத்துக்குள் நம் சரக்கும் இருக்கிறது என்பதுதான் என் பதில். பிரான்சின் ஒலிவியே மெஸியான் எழுதிய துரங்கலீலா சிம்பொனி 1949 டிசம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் அரங்கேறியது. பத்துப் பகுதிகள். பெயரே சமஸ்கிருதம். 13-ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரத்தில் 120 தேசி தாளங்களின் பட்டியல் இருக்கிறது. மெஸியான் அந்தப் பட்டியலை இளமையிலேயே கண்டெடுத்து வாழ்நாள் முழுக்கப் பயன்படுத்தினார்.

தவில் வாசிக்கும் என் மாமாவை உட்கார வைத்து இதைப் போட்டுக் காட்டினேன். தாளம் போட முயன்றார். விட்டார். மறுபடி முயன்றார். பத்து நிமிடம் கழித்துச் சொன்னார்: "மருமகனே, இவர் தாளத்தை எடுத்திருக்கிறார், ஆவர்த்தனத்தை எடுக்கவில்லை." எவ்வளவு சரியான பேச்சு! மெஸியானுக்கு அந்தத் தாளங்கள் சுற்றி வந்து சமத்தில் சேரும் வட்டங்கள் அல்ல. நெடிலும் குறிலுமாக அடுக்கிய கால அளவுகள் மட்டும். ஏட்டில் படித்து எடுத்துக்கொண்டார். கச்சேரி மேடைக்குக் கீழே உட்கார்ந்து தொடையில் தட்டிப் பழகியவர் அல்ல. அதனால் படைப்பு குறைந்துபோகவில்லை. ஆனால் உந்துதல் எங்கிருந்து வந்தது என்று சொல்லும் தாள், அதில் எவ்வளவு வந்தது, எது வரவில்லை என்று சொல்வதில்லை. மாமாவின் தொடைதான் சொன்னது.

26 மார்ச்

மாமா மறுபடி கேட்க விரும்புகிறாராம். ஐந்தாம் பகுதியை மட்டும். அதில் குதியாட்டம் இருக்கிறது என்கிறார்.

6 ஏப்ரல்

இதை எழுத நெடுநாள் தயங்கினேன்.

எங்கள் ஊரில் மகாத்மா காந்தி கலாசாலை என்று ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கிறது. ஊரில் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். தோட்டத்து மக்களுக்குக் காந்தி என்ற பெயர் எவ்வளவு பெரியது என்பதற்கு அந்தப் பெயர்ப்பலகையே போதும். அதனால்தான் பிலிப் கிளாஸ் எழுதிய சத்யாக்கிரகம் பற்றித் தெரிந்தவுடன் முழு இசை நாடகத்தையும் ஒரே மூச்சில் கேட்டேன். 1980 செப்டம்பரில் ராட்டர்டாமில் அரங்கேறியது. தென்னாப்பிரிக்காவில் காந்தி இருந்த ஆண்டுகளே கதை. பாடும் சொற்கள் எல்லாம் பகவத் கீதையிலிருந்து எடுத்த சமஸ்கிருதம். இசைக்குழுவில் பித்தளை வாத்தியம் கிடையாது, தாள வாத்தியம் கிடையாது. தந்திகளும் மரக்குழல்களும் ஓர் ஆர்கனும் மட்டும். போராட்டத்தைப் பற்றிய இசையில் ஒரு முரசுகூட இல்லை! கிளாஸ் 1960-களின் நடுவில் பாரிசில் ரவிசங்கரின் இசையைத் தாளில் எழுதிக் கொடுக்கும் வேலையில் இருந்தவர். சின்னச் சின்ன அளவுகளைக் கூட்டிக் கூட்டிப் பெரிதாக்கும் முறை அங்கேதான் அவருக்குப் பிடிபட்டது.

மூன்றாம் அங்கம் நியூகாசில் நடைப்பயணம். 1913. மூன்று பவுண்டு தலைவரியை எதிர்த்துச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு எல்லை தாண்டி நடந்தார்கள். காந்தி எழுதி வைத்த கணக்கு: 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். அந்தச் சுரங்கங்களுக்குப் போய் வேலையை நிறுத்தச் சொல்லி அழைத்தவர்கள் டிரான்ஸ்வாலிலிருந்து வந்த பெண்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். சிறைக்குப் போய், நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரியில் இறந்துபோன தில்லையாடி வள்ளியம்மைக்கு வயது 16.

எனக்குக் கோபம் வந்தது. நடந்தவர்கள் பேசிய மொழியில் ஒரு சொல்லாவது வேண்டாமா? ஒப்பந்தக் கூலியாகப் போனவர்கள் அவர்கள். எங்கள் பாட்டனார் மலாயாவுக்குக் கப்பல் ஏறியதும் அதே வறுமையில்தான். கீதை சுலோகத்தை அவர்கள் நடையில் சொல்லிக்கொண்டு போயிருப்பார்களா? தலைவருக்கு வேதம் கிடைத்தது, நடந்த கால்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை என்று எழுதி வைத்திருந்தேன்.

9 ஏப்ரல்

மேலே எழுதியதை அழிக்கப்போவதில்லை. ஆனால் கடைசிப் பாட்டை மறுபடி கேட்டேன். காந்தி தனியாக நின்று பாடுவது. எட்டு சுரம் ஏறும் ஒரு வரிசை, அவ்வளவுதான். முடிந்ததும் மறுபடி அடியிலிருந்து அதே ஏற்றம். திரும்பத் திரும்ப. பதவுரையை ஓரம் வைத்துவிட்டுக் கேட்டபோது எனக்குக் கால்கள் கேட்டன. பால் வெட்டுகிறவர் ஒரு நிறை மரங்களை முடித்து அடுத்த நிறைக்குப் போகிற நடை அது. சொற்கள் தராததைச் சுர வரிசை தந்திருக்கலாம். கோபம் பாதி குறைந்தது. மீதிப் பாதி நியாயமானது, அதை வைத்துக்கொள்கிறேன்.

15 ஏப்ரல்

புத்தாண்டுக்கு வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். அப்பாவின் பழைய பெட்டியில் 2005-இல் வாங்கிய திருவாசகக் குறுந்தகடு கிடைத்தது. இளையராஜா, புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடு செய்தது. அது வந்த ஆண்டில் எங்கள் வீட்டில் வேறு எதுவும் ஓடவில்லை. அப்பா ஒவ்வொரு வரிக்கும் உதடு அசைப்பார். மார்கழியில் தோட்டத்துக் கோயிலில் பாடிப் பாடி ஊறிய வரிகள்.

இப்போதுதான் உறைக்கிறது: தாள் இல்லாமல் கேட்டவன் நான் என்று முதல் நாளே எழுதியது சரியில்லை. ஆவிச் சத்தம் ஆலையில் என்னுள் ஏறியிருந்தது. குயிலும் செம்போத்தும் வாசற்படியில் ஏறின. திருவாசகம் அப்பாவின் உதட்டிலிருந்து ஏறியது. என் தாள் ஏற்கனவே என்னிடம் இருந்தது. புடாபெஸ்டில் வாசித்த வயலின்காரருக்கு யாராவது எழுதித்தான் கொடுத்திருக்க வேண்டும்.

17 ஏப்ரல்

தூக்கம் வரவில்லை, எழுதுகிறேன்.

ஜான் ஆடம்ஸ் 2002-இல் நியூயார்க் பில்ஹார்மோனிக்குக்காக எழுதிய படைப்பில், முந்தைய ஆண்டு செப்டம்பர் 11 அன்று இறந்தவர்களின் பெயர்களை ஒலிநாடாவில் ஒவ்வொன்றாக வாசிக்கிறார்கள். காணாமல் போனவர்களைத் தேடி உறவினர்கள் சுவரில் ஒட்டிய அறிவிப்புகளின் வரிகளைப் பாடகர் குழு பாடுகிறது. பாராட்டுரை இல்லை, கவிதை இல்லை. அவருக்குக் கண் எந்த நிறம், சட்டை எந்த நிறம் என்கிற அளவிலான எளிய சொற்கள்.

ஹென்ரிக் குரெட்ஸ்கி 1976-இல் எழுதிய மூன்றாம் சிம்பொனியின் நடுப்பகுதியும் ஒரு சுவரிலிருந்து வந்ததுதான். போலந்தின் ஸாகோபானே ஊரில், நாஜி ரகசியப் போலீசாரின் சிறையில், 18 வயதுப் பெண் ஒருத்தி அம்மாவை அழவேண்டாம் என்று சொல்லிக் கீறி வைத்த வரிகள். 1992-இல் வந்த அதன் ஒலிப்பதிவு பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது.

என் தாத்தாவின் தம்பியை 1943-இல் தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சயாம் மரண ரயில், போர்க்காலத்தில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட பாதை. 415 கிலோமீட்டர். அந்த ஆண்டு அக்டோபரில் பாதை முடிந்தது, அவர் திரும்பவில்லை. எந்த இடத்தில், எந்த நாளில் என்று பாட்டிக்குத் தெரியாது, திதி கொடுக்க ஒரு நாள் வேண்டுமே என்று தை அமாவாசையை வைத்துக்கொண்டார். அவர் எந்தச் சுவரிலும் எதையும் எழுதவில்லை. எழுதத் தெரியாது.

எந்த இசையமைப்பாளராவது எங்கள் பக்கம் வந்து எதைக் கொண்டு எழுதுவது என்று கேட்டால் நான் எதைக் காட்டுவேன்? இதுதான் தூங்கவிடாத கேள்வி. காப்பார் நண்பரே, தாள் மலிவானது என்பதுபோல நீங்கள் எழுதியிருந்தீர்கள். தாளே இல்லாதவர்களும் இருக்கிறார்கள்.

20 ஏப்ரல்

பலர் எழுதியிருக்கிறீர்கள். அவரவர் வீட்டிலும் ஒருவர் திரும்பாமல் இருந்திருக்கிறார். ஒவ்வொன்றையும் படித்தேன்.

3 மே

மலேசிய இசையமைப்பாளர்கள் என்ன செய்கிறார்கள் என்ற கேள்விக்கு. கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்துக்குள் இருக்கும் அரங்கில் மலேசிய பில்ஹார்மோனிக் இசைக்குழு 1998 ஆகஸ்டில் முதன்முதலாக வாசித்தது. அங்கே நானும் ஒருமுறை போயிருக்கிறேன், ஈப்போவிலிருந்து பஸ்ஸில், மைத்துனரின் சப்பாத்தை மாட்டிக்கொண்டு. டபுள் பேஸ் எட்டும் சேர்ந்து தொடங்கியபோது ஒலி காதுக்கு வருவதற்கு முன் முதுகுக்கு வந்தது. கைப்பேசியில் கேட்டதெல்லாம் நிழல்தான் என்று அன்றைக்கு அறிந்தேன்.

தாஜுல் தாஜுதீன் நெசவையும் பாத்தேக் துணி ஓவியத்தையும் கேமலான் என்னும் வெண்கல வாத்திய இசையையும் எடுத்து எழுதுகிறார். அவற்றில் கதை கிடையாது. இழை எப்படிக் குறுக்கே போகிறது, வடிவம் எப்படித் திரும்ப வருகிறது என்பதே அவருக்கு உந்துதல். கதைக்கு அழவேண்டிய தேவை இல்லை என்பதால் எனக்கு அது நிம்மதியாக இருக்கிறது.

அப்படியானால் பால்வெட்டிலும் வடிவம் உண்டு. மரத்தில் அரைச்சுற்று, இடமிருந்து வலமாகச் சரியும் ஒரு கோடு. ஒருநாள் விட்டு ஒருநாள் அதே கோட்டில் மெல்லிய ஒரு சீவல். பால் கோட்டு வழியே ஓடி மங்கில், மரத்தில் கட்டிய கிண்ணத்தில், சொட்டும். கோடு நாள்தோறும் கண்ணுக்குத் தெரியாமல் கீழே இறங்கும். மாதங்கள் போனபின் பார்த்தால் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்று வியப்பாக இருக்கும்.

11 மே

அம்மாவுக்கு ஆர்வோ பார்ட்டின் ஒரு படைப்பைப் போட்டுக் காட்டினேன். எஸ்டோனியாக்காரர், 1977-இல் எழுதியது, ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் இறந்ததற்காக. தந்தி வாத்தியங்களும் ஒரே ஒரு மணியும். ஆறேழு நிமிடம். யார் எழுதியது, யாருக்காக எழுதியது, எதையும் அம்மாவிடம் சொல்லவில்லை. கேளுங்கள் என்று மட்டும் சொன்னேன். தாமான் வீட்டின் முன்கூடத்தில் காற்றாடியை நிறுத்திவிட்டுக் கேட்டோம்.

அந்தப் படைப்பில் நடப்பது மிகவும் எளிது. மேலிருந்து கீழே இறங்கும் ஒரு சுர வரிசை. முதலில் ஒரு சுரம், பிறகு இரண்டு, பிறகு மூன்று என்று ஒவ்வொரு முறையும் ஒரு படி கூடுதலாக இறங்குகிறது. ஐந்து குழுக்கள் அதே வரிசையை வாசிக்கின்றன, ஆனால் ஒவ்வொரு குழுவும் தனக்கு மேலே உள்ளதைவிடப் பாதி வேகத்தில். எல்லாமே இறங்கிக்கொண்டே இருக்கிறது. இடையிடையே மணி.

முதல் மணிக்கே அம்மா நிமிர்ந்தார். "பெரட்டு" என்றார்.

பிறகு பேசவில்லை. முடிந்ததும் என்னைத் திருத்தினார். நான் மார்ச்சில் பெரட்டு மணி என்று எழுதியிருந்ததைப் படித்துக் காட்டியிருந்தேன். நம் தோட்டத்தில் மணி என்று ஒன்று எப்போதும் இருந்ததில்லையாம். அலுவலகத்துப் பக்கம் மரத்தில் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு, இரும்புக் கம்பியால் அடிப்பார்கள். நான் சிறுவயதில் கேட்டது அதைத்தான். மணி என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

"தண்டவாளமா?" என்றேன்.

"தண்டவாளம்தான். முதல் அடி காதை அடைக்கும். அதற்குப் பிறகு வெகுநேரம் காற்றில் இருக்கும்."

நாற்பத்தைந்து ஆண்டுகள் என் வயது. எனக்கு இது தெரியாது.

12 மே

அம்மா இன்று காலை தேநீர் கலக்கும்போது கேட்டதை எழுதியே ஆக வேண்டும். "தம்பி, நேற்றுக் கேட்டோமே, அதில் எல்லோரும் நிறுத்தின பிறகு மணி மட்டும் இருந்ததே. அதை எப்போது அடித்தார்கள்? அடித்த சத்தம் எனக்குக் கேட்கவில்லையே."

அதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஒருமுறைகூட எனக்கு இந்தக் கேள்வி எழவில்லை. தேடிப் பார்த்தேன். எல்லாத் தந்திகளும் உரக்க நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கடைசி நேரத்தில், மணியை மிக மெதுவாக அடிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். அடி யாருக்கும் கேட்காது. தந்திகள் சட்டென்று நின்றதும், ஏற்கனவே ஒலித்துக்கொண்டிருந்த மணியின் மிச்சம் வெளியே தெரிகிறது.

அம்மாவிடம் சொன்னேன். "அதுதானே பார்த்தேன்" என்று தேநீரை ஆற்றிக் கொடுத்தார்.